தொழிற்சாலைத் திரையில் இரண்டு வகைக் கோடுகள்



சனிக்கிழமை உரைகளில் இரண்டு வாரங்கள் எஸ்.பி.சி. மென்பொருள் பற்றிப் பேசியிருந்தேன். எண்கள் நிறைந்த பேச்சைக் காதால் மட்டும் கேட்டு விளங்கிக்கொள்வது கடினம், எழுத்தில் தாருங்கள் என்று நேயர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். அதனால் இந்த மாத இதழில் அந்த உரைகளைச் சேர்த்து, வானொலியில் நேரம் போதாமல் விட்டுப்போன கணக்குகளையும் போட்டு எழுதுகிறேன்.

எஸ்.பி.சி. என்பது புள்ளிவிபரவியல் முறையில் ஒரு செயன்முறையைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் என்பதன் சுருக்கம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உணவு பொதி செய்யும் இடத்திலோ, பேக்கரியிலோ, பிளாஸ்ரிக் வார்ப்புத் தொழிற்சாலையிலோ வேலை செய்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். லைனின் முடிவில் ஒரு தராசு, பக்கத்தில் ஒரு திரை. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஐந்து பக்கற் எடுத்து நிறுக்க வேண்டும். எண்ணை அடித்ததும் திரையில் ஒரு புள்ளி விழும். பச்சையில் விழுந்தால் நிம்மதி. சிவப்பில் விழுந்தால் சுப்பர்வைசர் வருவார்.

அந்தச் சிவப்புக் கோட்டை அங்கே போட்டது யார்? மெஷின் தானாகப் போட்டதில்லை. அலுவலகத்தில் ஒருவர், அந்த மென்பொருளில் ஒரு படிவத்தை நிரப்பிப் போட்டது. எங்கள் தலைமுறையில் பலர் புள்ளியைப் போடுகிறவர்கள். எங்கள் பிள்ளைகளில் சிலர் இன்று படித்து முடித்துத் தரப் பகுதியில் அந்தப் படிவத்தை நிரப்புகிறவர்கள். இரு பகுதியாரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

மாறி என்றால் என்ன

பள்ளிக்கூடத்தில் அட்சரகணிதத்தில் படித்த அதே சொல்தான். இங்கே மாறி என்பது ஒரு கருவியால் அளந்து எண்ணாகச் சொல்லக்கூடிய ஏதாவது ஒன்று. பக்கற்றின் எடை, குழாயின் விட்டம், அடுப்பின் வெப்பநிலை எல்லாம் மாறிகள். கிழிந்த பக்கற் எத்தனை, லேபிள் ஒட்டாதது எத்தனை என்று எண்ணிச் சொல்பவை வேறு வகை. மென்பொருளில் புதிய மாறியைத் திறக்கும்போது முதலில் கேட்கப்படுவது இதுதான்: அளப்பதா, எண்ணுவதா? இதைப் பிழையாகத் தெரிந்தால் பிறகு எதையும் சரிசெய்து பலனில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் சூத்திரங்கள் வேறு.

கணக்காளனாக எனக்கு இது பேரேட்டில் ஒரு புதிய கணக்குத் திறப்பது போலத் தோன்றும். கணக்கின் தலைப்பைச் சரியாக வைக்காவிட்டால், பிறகு வரும் பதிவுகள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் வருட முடிவில் அர்த்தமில்லாத மீதிதான் வரும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. பிரித்தானியாவில் ஒரு தொழிற்சாலையில் 500 கிராம் பருப்புப் பக்கற் நிரப்புகிறார்கள். மூன்றாவது லைனில் நான்கு நிரப்பும் தலைகள் இருக்கின்றன. மாறியின் பெயராக வெறுமனே "எடை" என்று போட்டால் போதாது. எந்தப் பொருள், எந்த லைன், எந்தத் தலை, பக்கற்றோடு சேர்த்த எடையா அல்லது உள்ளே இருக்கும் பருப்பின் எடை மட்டுமா என்பதெல்லாம் பெயரிலோ பக்கத்துக் கட்டங்களிலோ இருக்க வேண்டும். வெறும் பக்கற் 6 கிராம் என்றால், ஒரு ஷிப்ற் பக்கற்றோடு நிறுத்தும் மற்ற ஷிப்ற் கழித்தும் எழுதினால், இல்லாத ஒரு 6 கிராம் வித்தியாசம் வரைபடத்தில் வந்து நிற்கும். அதற்கு யாராவது காரணம் சொல்லவும் வேண்டியிருக்கும்!

அலகும் தசமதானமும் அடுத்தவை. தராசு ஒரு கிராமுக்கு ஒரு கிராமாகக் காட்டும்போது மென்பொருளில் இரண்டு தசமதானம் கேட்பதில் பொருளில்லை. மறுவளமாக, எடை 2 கிராமுக்குள்தான் அசைகிறது என்றால் 5 கிராம் படியில் காட்டும் தராசு உதவாது, எல்லாப் புள்ளிகளும் ஒரே படியில் ஏறி நிற்கும். அளக்கும் கருவியின் ஒரு படி, செயன்முறையின் நியம விலகலை விடச் சிறிதாக இருக்க வேண்டும் என்பது ஒரு நல்ல அளவுகோல்.

நிறுக்காமல் விட்ட நேரத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். சில இடங்களில் பழக்கத்தில் பூச்சியம் அடித்துவிடுகிறார்கள். மென்பொருளுக்குப் பூச்சியமும் ஒரு எடைதான்.

எந்த ஐந்து பக்கற்?

சாம்பிள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் பெரும்பாலும் 5 என்று போடுவார்கள். அந்த ஐந்தையும் எங்கிருந்து எடுப்பது என்பதுதான் எண்ணிக்கையை விட முக்கியம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள், அனுபவமுள்ளவர்களும் தடுமாறும் இடம் இது.

நான்கு தலைகளின் சராசரி எடைகள் 502, 506, 510, 514 கிராம் என்று வைப்போம். ஒவ்வொரு தலையும் தனக்குள் 3 கிராம் நியம விலகலோடு ஓடுகிறது. "நியாயமாக இருக்கட்டும்" என்று நினைத்து ஒவ்வொரு தலையிலும் ஒவ்வொரு பக்கற்றாக நாலு பக்கற் எடுத்து ஒரு சாம்பிளாகப் பதிகிறார்கள். இப்போது ஒரு சாம்பிளுக்குள் இருக்கும் வீச்சு, அதாவது கூடியதற்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசம், சராசரியாக 12 கிராமுக்கு மேல் வரும். அந்த 12 கிராமில் பெரும்பகுதி தலைகளுக்கிடையிலான நிரந்தர வித்தியாசம். மென்பொருளுக்கு அது தெரியாது. நாலு பேர் சாம்பிளுக்கு உரிய மாறிலி 0.729, 12 ஆல் பெருக்கினால் 8.7. ஆகவே கட்டுப்பாட்டு எல்லையை நடுக்கோட்டிலிருந்து குறைந்தது 8.7 கிராம் தள்ளிப் போட்டுவிடும். சராசரிகள் உண்மையில் அசைவதோ 4.5 கிராமுக்குள்தான். புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகும். பார்ப்பவர்கள் "ஆகா, எவ்வளவு அழகாக ஓடுகிறது" என்பார்கள். ஒரு தலை பழுதாகி 5 கிராம் குறைந்தாலும் அந்த வரைபடம் வாய் திறக்காது.

சரியான வழி, ஒரே தலையில் அடுத்தடுத்து விழும் பக்கற்றுகளை ஒரு சாம்பிளாக எடுப்பது. தலைக்கு ஒரு மாறியாகத் திறப்பது. சில மென்பொருள்களில் ஒரே மாறிக்குள் "தலை இலக்கம்" என்ற உபபிரிவு வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். எப்படிச் செய்தாலும், சாம்பிளுக்குள் இருப்பவை ஒரே சூழ்நிலையில் பிறந்தவையாக இருக்க வேண்டும்.

வாடிக்கையாளரின் கோடும் மெஷினின் கோடும்

இனி எல்லைக் கட்டங்களுக்கு வருவோம். படிவத்தில் இரண்டு சோடிக் கட்டங்கள் இருக்கும். ஒரு சோடி நிபந்தனை எல்லைகள், தொழிற்சாலையில் "ஸ்பெக்" என்று சொல்வது. மற்றச் சோடி கட்டுப்பாட்டு எல்லைகள். இரண்டிலும் மேல், கீழ் என்று எழுதியிருப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் மனேஜர்மாரிலும் உண்டு.

நிபந்தனை எல்லை வெளியிலிருந்து வருவது. வாடிக்கையாளர் சொல்வது, அல்லது சட்டம் சொல்வது. எங்கள் பருப்புப் பக்கற்றுக்குச் சட்டமே இருக்கிறது. பிரித்தானியாவில் 2006ஆம் ஆண்டின் பொதி செய்த பொருட்கள் விதிகள் மூன்று கட்டளைகளைப் போடுகின்றன. ஒரு தொகுதியின் சராசரி எடை, பக்கற்றில் அச்சிட்ட எடையிலிருந்து குறையக்கூடாது. 500 கிராம் பக்கற்றுக்கு அனுமதிக்கப்பட்ட குறைவு 15 கிராம். அதாவது 485 கிராமுக்குக் கீழே போகும் பக்கற்றுகள் நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் இருக்கக்கூடாது. 470 கிராமுக்குக் கீழே ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இருக்கும் உறவுகளுக்கும் இது புதிதல்ல, 1976இல் வந்த ஐரோப்பிய நெறிப்படுத்தலில் இதே முறைதான். பக்கற்றில் எடைக்குப் பக்கத்தில் சிறிய 'ஈ' எழுத்துப் போன்ற ஒரு அடையாளத்தைக் கண்டிருப்பீர்கள், அது இந்த முறையைச் சேர்ந்தது.

கட்டுப்பாட்டு எல்லை உள்ளிருந்து வருவது. அதை யாரும் தீர்மானிப்பதில்லை. மெஷின் ஓடிய ஓட்டத்தை அளந்து, அந்த அளவுகளிலிருந்து கணக்கிட்டு எடுப்பது. இதைக் கண்டுபிடித்தவர் வோல்ற்றர் ஷூவாட் என்ற அமெரிக்கர். 1924 மே மாதத்தில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்ரேண் எலெக்ரிக் நிறுவனத்தில் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். எந்தச் செயன்முறையிலும் எப்போதும் ஒரு சாதாரண அசைவு இருக்கும். அதற்குத் தனியான காரணம் தேடிப் பலனில்லை. அந்த அசைவைத் தாண்டி ஏதாவது நடந்தால் மட்டும் காரணம் தேடு. அவர் கோடு கீறியது இந்த இரண்டையும் பிரிப்பதற்கு.

கணக்கைப் பார்ப்போம். இரண்டாவது தலையில் ஐந்து ஐந்தாக 20 சாம்பிள்கள் எடுத்தோம். சராசரி 506 கிராம். வீச்சுகளின் சராசரி 7 கிராம். ஐந்து பேர் சாம்பிளுக்கு மாறிலி 0.577. அதை 7ஆல் பெருக்க 4.04. ஆகவே சராசரி வரைபடத்தின் கட்டுப்பாட்டு எல்லைகள் சுமார் 502ம் 510ம். வீச்சு வரைபடத்துக்கு மேல் எல்லை 2.114 × 7, அதாவது 14.8 கிராம். 7ஐ 2.326ஆல் வகுத்தால் தனிப் பக்கற்றுகளின் நியம விலகல் 3 கிராம் என்றும் தெரிகிறது. இந்த மாறிலிகளை மனனம் செய்யத் தேவையில்லை, மென்பொருள் வைத்திருக்கும். ஆனால் சாம்பிள் எண்ணிக்கைக் கட்டத்தில் 5க்குப் பதில் வேறு எண் கிடந்தால் மாறிலியும் பிழையாகவே எடுக்கப்படும்.

இப்போது ஒருவர் கட்டுப்பாட்டு எல்லைக் கட்டத்துக்குள் ஸ்பெக்கைத் தூக்கிப் போடுகிறார்: கீழே 485, மேலே 515. ஒரு வால்வு தேய்ந்து சராசரி 506இலிருந்து 499க்கு இறங்குகிறது. 499 என்றால் சட்டத்தின் முதலாம் கட்டளை மீறப்பட்டுவிட்டது, தொகுதி முழுவதும் சிக்கல். திரையிலோ புள்ளிகள் 495க்கும் 503க்கும் இடையில் பச்சையாக விழுந்துகொண்டிருக்கும். சரியான எல்லையான 502 போடப்பட்டிருந்தால், பெரும்பாலும் முதல் சாம்பிளிலேயே சிவப்பு வந்திருக்கும்.

ஒரு நேயரின் கேள்வி

இதற்கு எதிர்மாறான பிழையும் உண்டு. உரை முடிந்தபின் ஒரு தங்கை தொலைபேசியில் கேட்டது இதோ: "அண்ணா, என்ரை ஷிப்ற்றிலைதான் எப்பவும் சிவப்புப் புள்ளி வருது. இரண்டு தரம் எழுத்திலை எச்சரிக்கை தந்திட்டினம். நான் என்ன பிழை செய்யிறன் எண்டு எனக்கே விளங்கேல்லை."

கொம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. விசாரித்ததில் தெரிந்தது, அங்கே கோடு கீழே 500இல் போடப்பட்டிருக்கிறது, அதுவும் சராசரிக்கு அல்ல, தனித்தனிப் பக்கற்றுக்கு. "500 கிராம் என்று எழுதிவிட்டு 499 கொடுப்பதா?" என்பது மனேஜரின் நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் உதாரணத்தில் போட்டுப் பாருங்கள். சராசரி 506, நியம விலகல் 3. எந்தக் குறையும் இல்லாமல் ஓடும் மெஷினிலேயே 44 பக்கற்றுக்கு ஒன்று 500க்குக் கீழே விழும். அரை மணித்தியாலத்துக்கு ஐந்து பக்கற் என்றால் எட்டு மணித்தியாலத்தில் 80 பக்கற். ஒரு ஷிப்ற்றுக்கு கிட்டத்தட்ட இரண்டு சிவப்பு, யார் நின்றாலும் வரும். சட்டமும் தனிப் பக்கற் 500க்குக் கீழே போவதைத் தடுக்கவில்லை என்பதை மேலே பார்த்தோம். முறைப்படி போட்ட சராசரி வரைபடத்தில் பொய்யான சிவப்பு 370 புள்ளிக்கு ஒன்றுதான் வரும். ஒரு ஷிப்ற்றுக்கு 16 புள்ளி என்றால் ஏறக்குறைய 23 ஷிப்ற்றுக்கு ஒரு தடவை.

அப்படியானால் மற்ற ஷிப்ற்றில் ஏன் சிவப்பு வருவதில்லை? அந்தத் தங்கையே சொன்னா: அங்கே பக்கற் குறைவாக இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை நிறுத்து எழுதுவார்களாம். ஆக, உள்ளதை உள்ளபடி எழுதியவர்தான் கடிதம் வாங்கினார். இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. அகதியாக வந்து, மொழி முழுமையாகப் பிடிபடாமல், வேலையை இழந்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு நிற்பவர்களுக்கு "இந்தக் கோடு எப்படிக் கணக்கிடப்பட்டது?" என்று கேட்க வாய் வராது. வாய் வருபவர்கள் கேட்க வேண்டும்.

எட்வேட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். 1950இல் யப்பானுக்குப் போய் அங்குள்ள தொழில்துறையினருக்கு இந்த முறைகளைப் படிப்பித்தவர் அவர்தான். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகள், 800 சிவப்பு மணிகள். ஐம்பது குழிகள் உள்ள ஒரு பலகையை விட்டு, வகுப்பிலிருந்து தெரிந்தெடுத்த ஆறு "தொழிலாளிகள்" ஒவ்வொருவராக மணி அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் குறைபாடு. ஐந்து சிவப்பு வந்தவரைப் பாராட்டுவார், பதினாலு வந்தவருக்கு எச்சரிக்கை கொடுப்பார், அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவருக்குப் பதின்மூன்று வரும்! "போனமுறை செய்தாயே, இப்போது ஏன் கவனமில்லை?" என்று சத்தம் போடுவார். சபை சிரிக்கும். பெட்டியில் ஐந்திலொன்று சிவப்பு என்றால் ஐம்பதில் சராசரியாகப் பத்து வரத்தான் செய்யும். பலகையைப் பிடித்தவரால் அதில் எதையும் மாற்ற முடியாது. பெட்டியை நிரப்பியவரால் முடியும்.

தொட்டுத் தொட்டுக் கெடுப்பது

சிவப்பு வந்ததும் சுப்பர்வைசர் செய்யச் சொல்வது, மெஷினைக் கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை. இதில் ஒரு பெரிய தீங்கு இருக்கிறது. எங்கள் ஒலிபரப்புக் கூடத்துக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, ஒலியளவு காட்டும் ஊசி அசையும்போதெல்லாம் கையை அசைக்காதே என்பது. பேசுபவரின் குரல் இயல்பாகவே ஏறி இறங்கும். அதைத் துரத்தித் துரத்திக் கூட்டிக் குறைத்தால் வீட்டில் கேட்பவர்களுக்கு அலை அடிப்பது போல இருக்கும்.

தொழிற்சாலையிலும் அதுதான். சாதாரண அசைவால் 3 கிராம் குறைந்த பக்கற்றுக்காக மெஷினை 3 கிராம் கூட்டினால், அடுத்தது தன் சொந்த அசைவோடு அந்த 3 கிராமையும் சேர்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு அளவுக்கும் இப்படி முழுதாகத் திருத்திக்கொண்டே போனால், நியம விலகலின் வர்க்கம் இரண்டு மடங்காகும் என்பது நிறுவப்பட்ட கணிதம். 3 கிராம் 4.2 கிராமாகிவிடும். கூடுதல் கவனத்தால் வந்த கூடுதல் குழப்பம் இது.

என் தொழிலிலும் இந்த வியாதி இருக்கிறது. நியமக் கிரயம் படித்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு மாதமும் பாதீட்டுக்கும் செலவுக்கும் உள்ள விலகலை எடுத்து, கூடினாலும் குறைந்தாலும் விளக்கம் கேட்பது கணக்காளர்களின் வழக்கம். விளக்கம் கேட்டால் விளக்கம் வரும், உண்மையான காரணம் இல்லாவிட்டாலும் வரும். ஷூவாட்டின் கோட்டை மாதாந்தச் செலவுகளுக்கும் போட்டுப் பார்த்தால் அந்த விளக்கங்களில் பாதியை எழுத வேண்டிய தேவையே இருக்காது என்பது என் அபிப்பிராயம்.

கவனிக்க வேண்டிய வேறு சில கட்டங்கள்

கட்டுப்பாட்டு எல்லையைத் தானாகக் கணக்கிடுவதா, பூட்டி வைப்பதா என்று ஒரு தெரிவு பல மென்பொருள்களில் உண்டு. புதிய புள்ளி விழும்போதெல்லாம் கடைசி 20 சாம்பிளை வைத்துத் திரும்பக் கணக்கிடும்படி விட்டால் வசதியாகத் தோன்றும். ஆனால் வால்வு மெதுவாகத் தேய்ந்து எடை நாளுக்குக் கொஞ்சமாக இறங்கினால், எல்லைகளும் கூடவே இறங்கிவரும். கள்வனோடு சேர்ந்து நடக்கும் காவற்காரன் போல. நன்றாக ஓடிய ஒரு காலப்பகுதியில் 20, 25 சாம்பிள் எடுத்துக் கணக்கிட்டு, திகதியோடு பூட்டி வைக்க வேண்டும். மெஷினில் உண்மையான மாற்றம் செய்தால் மட்டும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

பிழையாக ரைப் செய்வதைத் தடுக்க "ஏற்றுக்கொள்ளும் எல்லை" என்று ஒரு கட்டம் இருக்கும். 503க்குப் பதில் 50.3 என்று அடித்தால் ஏற்க மறுக்கும். நல்ல விடயம். எங்கள் உதாரணத்தில் 400இலிருந்து 600 வரை என்று போட்டால் போதும். சில இடங்களில் இந்தக் கட்டத்திலும் ஸ்பெக்கையே போட்டுவிடுகிறார்கள். அப்போது 484 கிராம் பக்கற்றை நேர்மையாக அடித்தாலும் மென்பொருள் வாங்காது. பின்னால் லைன் ஓடிக்கொண்டிருக்கிறது, நிற்பவர் என்ன செய்வார்? வாங்கும் வரைக்கும் வேறு எண் அடிப்பார். பொய் எழுதும்படி மென்பொருளே கட்டாயப்படுத்துகிறது. எடை அதிகாரிகள் வந்து பதிவேட்டைக் கேட்கும்போது அந்தப் பொய்தான் கொம்பனியின் சாட்சி.

எச்சரிக்கை விதிகளும் ஒரு கட்டத்தில் வரும். எல்லைக்கு வெளியே ஒரு புள்ளி என்பது முதல் விதி. வெஸ்ரேண் எலெக்ரிக்கின் 1956ஆம் ஆண்டுக் கைநூலில் இன்னும் மூன்று விதிகள் உண்டு, உதாரணமாக நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் தொடர்ந்து எட்டுப் புள்ளிகள். மெதுவான சறுக்கலைப் பிடிக்க அது நல்லது. ஆனால் நாலு விதிகளையும் ஒன்றாகப் போட்டால் பொய் எச்சரிக்கை 370 புள்ளிக்கு ஒன்று என்பதிலிருந்து சுமார் 92 புள்ளிக்கு ஒன்று என்று ஆகிவிடும். இன்றைய மென்பொருள்கள் எட்டு விதிகள் வரை தருகின்றன. எல்லாவற்றிலும் சரி அடையாளம் போடுவது விடாமுயற்சி அல்ல, தலையிடி. நானென்றால் முதல் விதியையும் எட்டுப் புள்ளி விதியையும் வைத்துத் தொடங்குவேன்.

சிவப்பு வந்தால் காரணம் தெரியும் பட்டியலை அந்த லைனில் நிற்பவர்களைக் கேட்டுத்தான் தயாரிக்க வேண்டும். "ஒப்பரேற்றர் தவறு" என்பது மட்டும் முதல் வரியில் இருந்தால், அவசரத்தில் எல்லோரும் அதையே தட்டுவார்கள், மூன்று மாதத்தில் அது ஒரு புள்ளிவிபரமாகிவிடும். வால்வு, பருப்பின் ஈரம், புதிய மூடை, தராசு சரிபார்ப்பு என்று உண்மையான பெயர்கள் இருக்க வேண்டும். செற்றிங் மாற்றும் பாஸ்வேர்ட் யாரிடம் என்பதும், மாற்றியவர் பெயரும் திகதியும் பதிவாகிறதா என்பதும் அதே அளவு முக்கியம். கணக்கேட்டில் அழித்து எழுதக்கூடாது என்று சொல்லித் தந்த அதே நியாயம்தான்.

காசுக் கணக்கு

மனேஜரோடு பேசும்போது நியாயத்தை விடக் காசு சீக்கிரம் காதில் ஏறும். ஆகவே இதையும் வைத்திருங்கள். சராசரி 506 என்றால் பக்கற்றுக்கு 6 கிராம் இலவசம். நாளுக்கு 10,000 பக்கற் என்றால் 60 கிலோ, அதாவது 120 பக்கற் பருப்பு ஒவ்வொரு நாளும் சும்மா போகிறது. பயத்தால் கூட்டி வைத்த எடை அது. நியம விலகல் 3 கிராமில் மெஷின் நிலையாக ஓடுவது வரைபடத்தில் தெரிந்தால், இலக்கை 502க்கு இறக்கலாம். 485 கிராம் கோடு அப்போதும் ஐந்து நியம விலகலுக்கு மேல் தள்ளித்தான் இருக்கும். நாளுக்கு 40 கிலோ மிச்சம். தொட்டுத் தொட்டு 4.2 ஆக்கிவைத்த மெஷினில் இப்படி இறக்க யாருக்கும் துணிவு வராது.

அந்தத் தங்கைக்கு நான் சொன்னது இதுதான். கோபமாகப் பேச வேண்டாம். தொழிற்சங்கப் பிரதிநிதி இருந்தால் அவரையும், இல்லாவிட்டால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய், எழுத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கோடு ஸ்பெக்கா, கட்டுப்பாட்டு எல்லையா? கட்டுப்பாட்டு எல்லை என்றால் எந்தத் திகதிச் சாம்பிள்களை வைத்துக் கணக்கிட்டீர்கள்? போட்ட புள்ளி சராசரியா, தனிப் பக்கற்றா? கேள்விக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். தேவையானவர்கள் வானொலி அலுவலகத்தில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் பழகிப் பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. எக்ஸெல் தாளில் மேலே சொன்ன பெருக்கல்களைப் போட்டாலே வரைபடம் வரும். "ஆர்" என்ற இலவச மென்பொருளில் "கியூ.சி.சி." என்ற பொதி இருக்கிறது, அதில் சாம்பிள் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பார்த்தால் எல்லைகள் எப்படி நகர்கின்றன என்று கண்ணால் காணலாம். சமையலறைத் தராசில் ஒரு பெட்டி பிஸ்கட்டை ஐந்து ஐந்தாக நிறுத்தும் தொடங்கலாம், நிறுத்த பின் சாப்பிடவும் முடியும்.

கிழிந்த பக்கற், ஒட்டாத லேபிள் போன்ற எண்ணும் வகைக்கான படிவத்தைப் பற்றி அடுத்த மாத உரையில் பேசுவேன். உங்கள் லைனில் நடக்கும் உதாரணங்களைக் கொம்பனியின் பெயர் இல்லாமல் எழுதி அனுப்புங்கள்.